வெட்டாத காசும் ஒரு கைமெசினும்

பதுளைக்குப் போகிற பஸ்ஸில் என் மடியில் ஒரு தையல் மெசின் உட்கார்ந்திருந்தது. கைமெசின்தான். மரப்பெட்டி மூடி போட்டது. பசறைப் பாதையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொரு வளைவிலும் அது என் தொடையை ஒரு அழுத்து அழுத்தியது.

கண்டக்டர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் வரும்.

“இதுக்கும் டிக்கட் வேணும்.”

பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் சவரிமுத்து, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னார்.

“மடில இருக்கிற புள்ளைக்கு டிக்கட் இல்லதானுங்களே?”

“புள்ளைக்கு கைப்பிடி இருக்கா?” என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் அரை டிக்கட்டுக்குப் பேசி முடித்தார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். அந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் கணவர் எப்போதுமே இப்படித்தான் பேசுவாரா?” என்று கேட்டு எழுதியிருந்தார். ஆமாம் அம்மா, எப்போதுமே இப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் குளிர் காய இடம் கேட்கிற ஆள். அதனால் நான் பட்ட எரிச்சலை எழுதுவதென்றால் இந்தப் பத்திரிகை போதாது. இந்த வாரம் மெசின் கதையை மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக்குள் வந்த கடன்

வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் வந்து குவிய ஆரம்பித்திருந்த நேரம். அதற்கு முன் சில வருடங்கள் ஒரு நல்ல ஊசி வாங்கக்கூடப் பதுளை முழுக்க அலைய வேண்டும். திடீரென்று பார்த்தால் ரேடியோ, டோர்ச், பிளாஸ்டிக் வாளி, நைலோன் சேலை என்று பசார் வீதியே மினுங்கியது. காதர் முதலாளியின் துணிக்கடை வாசலில் ஒரு தையல் மெசின் வைத்திருந்தார்கள். கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் பூ. அதைப் பார்த்த நிமிடமே, இனிமேல் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அட்டைக்கடிக்கும் மழைக்கும் அத்தோடு விடை கொடுக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு ஆசை.

விலை தொள்ளாயிரம் ரூபாய். சீட்டுப் போட்டு எடுத்த நூற்றைம்பதை முன்பணமாகக் கட்டினேன். மிச்சம் எழுநூற்றைம்பது. மாதம் ஐம்பது வீதம் பதினைந்து தவணை.

என் அம்மா காலத்தில் கடன் என்றால் வீட்டிலிருந்து ஏதாவது வெளியே போகும். தோடு போகும், பித்தளைக் குடம் போகும். ஒருமுறை சாவு வீட்டுச் செலவுக்கு அரிசிக் கூப்பன் புத்தகத்தையே பசார்க் கடையில் அடகு வைத்துவிட்டு வந்தார். கடைக்காரர் எங்கள் அரிசியை வாங்கிச் சாப்பிட்டார், நாங்கள் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டோம். அதன் பிறகு கிழங்கு என்றாலே எனக்கு ஆகாது.

இதுவோ சாமான் வீட்டுக்குள் வந்த கடன். கடன் வாங்கிவிட்டு ஊர்வலம் போல வீடு வந்தவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாங்கள்தான் முதல் ஆட்கள். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பாக்கியம் அக்கா ஆரத்தி எடுக்காத குறைதான்.

நம்பரை எழுதிக்கிட்டாங்க

இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கடன் கட்டப் போகும் பழக்கம் கிடையாது. எங்களிடம் யாரும் கேட்பதும் இல்லை. அரிசி, மா, தேயிலைத்தூள், டோபி, சங்கத்துச் சந்தா, கோயில் காசு எல்லாவற்றையும் தோட்டத்து ஆபீசிலேயே சம்பளத்தில் வெட்டிவிட்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். தீபாவளி முற்பணமும் அப்படித்தான். வேதக்காரர்களான எங்களுக்கு அது கிறிஸ்மஸுக்கு வரும். வெட்டும்போது மட்டும் மத வித்தியாசம் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஆபீஸ் பதிவேட்டில் ஒரு நம்பர் உண்டு. நம்பரைச் சொன்னால் கடன் பதிந்தது என்று அர்த்தம். மெசின் வாங்கிய அன்று கடைக்காரர்கள் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பினார்கள். பெயர் கேட்டார்கள், தோட்டம் கேட்டார்கள், பிறகு, “நம்பர் என்ன?” என்று கேட்டார்கள். சவரி தன் நம்பரைச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் சவரி கேட்டார். “தவணைய எங்க கொண்டாந்து கட்றதுன்னு கேக்கலியே, ரோசு?”

“அதான் நம்பர எழுதிக்கிட்டாங்கள்ல. ஆபீசுல வெட்டிக்குவாங்க.”

“கடைக்காரருக்கு எப்படி ஆபீசுல வெட்டுவாங்க? ஒரு தடவ உள்ள போயி கேட்டுட்டு வரவா?”

“எட்டாம் வகுப்பு படிச்சது நீங்களா, நானா?”

அவர் மூன்றாம் வகுப்பு. அத்தோடு பேச்சு முடிந்தது.

அடுத்த சம்பளத்தில் வழக்கத்தை விட நாற்பது ரூபாய்க்கு மேல் குறைந்திருந்தது. “பாத்தீங்களா?” என்றேன் வெற்றியோடு. சம்பளத் துண்டு இங்கிலீசில் இருந்தது. என் எட்டாம் வகுப்பு அதுவரைக்கும் எட்டவில்லை.

அடுத்த மாதம் அறுபது குறைந்தது. “பத்து கூட வெட்டிட்டாங்க. நல்லதுதான், சீக்கிரம் முடியும்.” அதற்கடுத்த மாதம் எழுபதுக்கு மேல். “முதலாளிக்கு என்னா அவசரமோ” என்று சொல்லிக்கொண்டு கறியில் கருவாட்டைக் குறைத்தேன்.

வேலைநாள் குறைந்தது உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை ஐந்தானது, பிறகு நாலானது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் என்று சொல்லி அரைநாள் சம்பளமே போட்டார்கள். எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கணக்குப் போடுவது வேறு. அதுவுமில்லாமல், குறைந்த காசெல்லாம் மூலையில் பூப்போட்ட மெசினாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கும்போது மனசுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அந்த மாதங்களில் நாங்கள் ஒரு நாளும் சண்டை போடவில்லை. ரொட்டியும் சம்பலுமாகத் தின்றுவிட்டு, மெசினைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தோம்.

ஊரே படித்த தபால்அட்டை

ஏழாவது மாதம் காதர் முதலாளியிடமிருந்து ஒரு தபால்அட்டை வந்தது. முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கக் கடிதத்துக்குப் பதில் அட்டை போட்டிருந்தார். எங்கள் தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே கிளாக்கர் ஐயா படித்தார், தபால் பை தூக்குபவர் படித்தார், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வைத்துக் கங்காணி சத்தமாகவே படித்தார். என் கடன் எனக்குத்தான் கடைசியாகத் தெரிய வந்தது.

“அன்புள்ள சகோதரிக்கு, வீட்டில் அனைவரும் நலமா? தாங்கள் கொண்டு சென்ற மெசினுக்கு ஏழு மாதத் தவணையில் ஒரு தவணையும் வந்து சேரவில்லை. வசூலுக்கு வரும் ஆள் குவைத்துக்குப் போய்விட்டதால் இதுவரை அனுப்ப முடியவில்லை. மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மெசினை எடுத்துவர ஆள் வருவார். முன்பணம் திரும்பக் கிடைக்காது. மற்றவை நேரில். சுகம்.”

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். ஆபீஸ் ஜன்னலில் நின்று கேள்வி கேட்ட பொம்பளை அதுவரை எங்கள் தோட்டத்தில் யாருமில்லை.

“ஐயா, ஏழு மாசமா மெசினுக்கு வெட்டுன காசெல்லாம் எங்கங்க போச்சு?”

கிளாக்கர் ஐயா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “எந்த மெசினுக்கு?”

பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். அரிசி இருந்தது, டோபி இருந்தது, சந்தா இருந்தது. மெசின் இல்லை.

“அப்ப கொறஞ்ச காசு?”

“வெலை வுழுந்திருச்சும்மா. கொழும்புல தேயிலைய வாங்க ஆளில்ல. அதான் வேலநாள் கொறஞ்சிருக்கு, வெலையப் பாத்து குடுக்கிற படியும் கொறஞ்சிருக்கு.” பதிவேட்டை மூடினார். “அது வெட்டுன காசு இல்ல. வராத காசு.”

திரும்பி வந்த வழியெல்லாம் அழுதேன். எழுநூற்றைம்பது ரூபாய்க் கடனை விட, ஏழு மாதமாக நான் பெருமையாகச் சாப்பிட்ட ரொட்டிதான் தொண்டையில் நின்றது. பட்டினி கிடந்து கட்டியதாக நினைத்தேன். பட்டினி கிடந்தது மட்டும்தான் உண்மை.

சவரியிடம் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவர் மெசினைப் பார்த்துக்கொண்டு, “இவ்வளவு நாளு ஓசில தச்சிருக்கே, கெட்டிக்காரி” என்றார்.

புது விலை

அந்தக் கிழமையே பாக்கியம் அக்கா பதுளையிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார்.

“ரோசு, ஒம்மெசின் இப்ப ஐந்நூத்தம்பதுதாண்டி! அதே கடை, அதே பூவு!”

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. எட்டாம் வகுப்பு மூளை சும்மா இருக்குமா? பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுநூற்றைம்பது கடனை முடித்துக்கொள்வது. புதியதை ஐந்நூற்றைம்பதுக்குக் கடனாக எடுப்பது. இருநூறு லாபம். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினோம். அரை டிக்கட் எடுத்தது அன்றுதான்.

கடை வாசலில் கறுப்புப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் துணி விலை எழுதியிருந்தது. சீத்தைத் துணி இவ்வளவு, வாயில் துணி இவ்வளவு. பழைய விலையை அடித்துப் புது விலை, அதையும் அடித்து இன்னொரு விலை. பலகைக்கு முன்னால் தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். படித்தார்கள், பேசினார்கள், உள்ளே போகாமலே நடந்தார்கள்.

“போன ஞாயித்துக்கு இந்த ஞாயிறு கொறஞ்சிருக்கு. அடுத்த ஞாயிறு பாப்போம்டி.”

உள்ளே காதர் முதலாளி ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக, எந்த நேரமும் வெற்றிலை மெல்லும் மனிதர். மேசையில் மெசினை வைத்துவிட்டு என் யோசனையைச் சொன்னேன். வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அப்ப, பழசத் தந்துட்டு எனக்கிட்டயே புதுசக் கடனுக்குக் கேக்குறீங்க?”

“ஆமாங்க முதலாளி.”

“தங்கச்சி, நீங்க யாவாரத்துக்கு வந்திருக்கோணும். நான் கொழுந்து எடுக்கப் போயிருக்கோணும்.”

சவரி, “மலைல அட்டை கடிக்கும் முதலாளி” என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

முதலாளி எழுந்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். திறக்காத மெசின் பெட்டிகள் ஐந்து. சுவரோடு துணிக்கட்டுகள் கூரை வரைக்கும்.

“இதெல்லாம் பழைய விலைக்கு எடுத்தது. கொழும்பு மொத்த யாவாரிக்கு மாசாமாசம் செக் குடுத்திருக்கிறேன். அவன் ஒரு சதம் குறைக்க மாட்டான். நான் விலையக் குறைச்சா ஆக்கள் வருவாங்க எண்டு குறைச்சேன். இன்னும் குறையும் எண்டு பாத்துட்டுப் போறாங்க. பயத்தில இன்னும் குறைக்கிறேன். அவங்க இன்னும் காத்துட்டு ஈக்கிறாங்க.” மூச்சு விட்டார். “உங்கட மெசின எடுத்து நான் என்ன செய்ற? பாவிச்ச சாமான். முந்நூறுக்கும் போகாது. உங்களுக்குக் கடன குறைச்சா, கடனுக்கு மெசின் எடுத்த மத்தப் பதினாலு பேரும் நாளைக்கு வாசல்ல நிப்பாங்க.”

“அப்ப எடுத்துக்க மாட்டீங்களா?”

“எடுக்கவும் ஏலா, விடவும் ஏலா.”

மூன்று பேரும் மெசினைச் சுற்றி நின்றோம். அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சத்தம் போடத் தயாராக வந்தவளுக்கு இது பெரிய ஏமாற்றம். என் மெசினும் போய், என் சீட்டுக் காசும் போய், திங்கட்கிழமை மறுபடியும் கூடை தூக்க வேண்டும் என்ற நினைப்பில் மெசின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நேற்று இல்லாத சட்டை

வெளியே அந்தப் பெண்கள் பேச்சு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. போன ஞாயிறு, இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால்தான் என் மூளை வேலை செய்யும்.

“முதலாளி, சீத்தைக்கு நேத்து ஒரு விலை இருந்துச்சு. அதான் நாளைக்கு ஒரு விலைக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. தச்ச சட்டைக்கு நேத்து விலை ஏதுங்க?”

அவர் துணிக்கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

“தீபாவளிக்கு இன்னும் நாலு கிழமதான். ஆபீசுல முற்பணம் குடுப்பாங்க. இந்தத் துணில சின்னப் புள்ளைங்க சட்டையாத் தச்சித் தாரேன். சட்டையப் பாத்தா இவங்க அளவுதான் பாப்பாங்க, விலை இறங்குமான்னு பாக்க மாட்டாங்க. தீபாவளி போயிட்டா கிறிஸ்மஸ், பொங்கலு, சித்திரை வருசம். புள்ளைங்க வளருறத யாரும் அடுத்த ஞாயித்துக்குத் தள்ளிப் போட முடியாதுங்க.”

“தையல் கூலி?”

“வெளிய ஒரு சட்டைக்கு மூணு ரூவா.”

“மூணு சரி.”

“எனக்கு நாலரை குடுங்க. கடன்ல ஒரு சதம் கொறைக்க வேணாம், எழுநூத்தம்பது அப்படியே இருக்கட்டும். மத்தவங்க கேட்டா பழைய விலைதான்னு சொல்லலாம்.”

முதலாளி தாடியைத் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் மெசின் பெட்டி மேல் தெறித்தது. அந்தக் கறை இப்போதும் இருக்கிறது.

“கூலிய கையில தரவா?”

என்ன பதில் சொல்வதென்று யோசிக்கக்கூட இல்லை. தோட்டத்து வாய், தானாக வந்துவிட்டது.

“வெட்டிக்கிங்க முதலாளி.”

இந்தத் தடவை மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் தமிழில் துண்டு எழுதித் தர வேண்டும் என்று பேசி, அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வந்தேன். திரும்பும்போது மெசினோடு ஒரு துணிக்கட்டும் இருந்தது. அதே கண்டக்டர். “புள்ள குட்டி போட்டிருச்சா?” என்று கேட்டு, முழு டிக்கட் போட்டுவிட்டார்.

நூற்று அறுபத்தேழு

முதல் கட்டுச் சட்டை மூன்று நாளில் விற்றுப்போனது. பலகைக்கு முன்னால் நின்று கணக்குப் பார்த்த அதே பெண்கள், சட்டையைப் பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு முற்பணக் காசை எடுத்து நீட்டினார்கள். பாக்கியம் அக்காவே இரண்டு வாங்கினார். நான் தைத்ததென்று தெரிந்தும் வாங்கினார், அதுதான் ஆச்சரியம்.

மொத்தம் நூற்று அறுபத்தேழு சட்டை. சித்திரை வருசத்துக்கு முந்தின வாரம் கடைசிச் சட்டையைக் கொடுத்தபோது முதலாளி கணக்குப் பார்த்து, கடன் போக ஒன்றரை ரூபாய் மிச்சம் என்று கையில் வைத்தார். அதில் நானும் சவரியும் பஸ் ஸ்டாண்டு அருகே பிளேன்டீயும் வடையும் சாப்பிட்டோம். கையில் முத்திரை ஒட்டிய ரசீது. அன்றைக்கு என்னைப் பதுளைக்கே ராணி என்று சொல்லியிருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன்.

அந்த மாதம் சம்பளம் போட்டார்கள். நானும் களத்துக்குப் போய் நின்றேன். எல்லாம் தெரிந்த பிறகும், கிளாக்கர் ஐயா வாய் திறந்து சொன்ன பிறகும், கடன் முடிந்த மாதமாயிற்றே என்று மனசின் ஒரு மூலையில் ஒரு நப்பாசை. சவரி கைநாட்டு வைத்துக் காசை வாங்கி என்னிடம் தந்தார். எண்ணிப் பார்த்தேன். போன மாதத்தை விடவும் பதினொரு ரூபாய் குறைவு.

மறுபடியும் எண்ணினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. முன்பு குறைந்தபோது வீட்டு மூலையைப் பார்த்தால் போதும், அங்கே மெசின் இருக்கும். இப்போது எந்த மூலையைப் பார்ப்பது?

என் முகத்தைப் பார்த்துவிட்டு சவரி தலைத்துணியை உதறிக் கட்டினார்.

“இன்னொரு மெசின் வாங்கியிருக்கோம்னு நெனச்சுக்க, ரோசு.”

களத்தில் அத்தனை பேருக்கு முன்னால் சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கும்போது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது மெசினுக்கு அதன் பிறகும் பல வருடம் கட்டினோம். அதற்கு மட்டும் ஒருவரும் ரசீது தரவில்லை.